நிச்சயமாகத் திரும்பி வருவேன்

ஜனவரி 12

தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா போனபோது வராதவனுக்கு இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று இருந்தவள்தான் நான். இது பள்ளிக்கூட விஷயம். போனில் பேசினால் ஐந்தாவது வார்த்தையில் சண்டை வந்துவிடும். அதனால் எங்கள் பிள்ளைகள் உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதக் கட்டோடு இதையும் வைக்கிறேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தில் எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மே மாதம் இரண்டு வாரம் நீ வேலை செய்யும் பள்ளியில் இருப்போம். ஆறு பிள்ளைகள், துணைக்கு ஒரு ஆசிரியர். பூகோள டீச்சர் என்பதால் அது நான். செலவு முழுக்க அரசாங்கத்துடையது.

பிள்ளைகளில் ஒருத்தியை நாங்கள் அட்லஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆறாம் வகுப்பில் என்னிடம் கடன் வாங்கிய அட்லஸை இன்றுவரை திருப்பித் தரவில்லை. எந்த நதி எந்தக் கடலில் விழுகிறது என்று என்னையே திருத்துவாள். அவள் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கையெழுத்து வாங்கப் போனபோது ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், இந்தப் பயணம் நடந்தா அவ மேல படிக்கட்டும். வெளிநாடு போய்ட்டு வந்த பொண்ணுன்னா நாலு பேரு உதவி பண்ணுவாங்க. நடக்கலைன்னா என்னோட வேலைக்கு வந்துடட்டும். ஒத்த ஆளா என்னால இழுக்க முடியல."

நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாங்கள் வரும்போது நீ அங்கே இருப்பாய் அல்லவா? இல்லை, அன்றைக்கும் ஏதாவது தங்கும் அனுமதி புதுப்பிக்க வேண்டியிருக்குமா?

அக்கா

&nbsp;

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுவதற்காகவாவது எழுதினாயே, அதுவே போதும். உன் கடிதத்தைக் கொதிகலன் அறையில் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே அறை அதுதான்.

தம்பி வெளிநாட்டுப் பள்ளியில் இருக்கிறான் என்று பெருமையடித்து வைத்திருந்தால், என்ன வேலை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், விளக்கு, மேடை நாற்காலி. இதுதான் என் பாடத்திட்டம். நான் எந்த அறைக்குள் போனாலும் ஆசிரியர்கள் மேலே பார்ப்பார்கள், எந்த விளக்கு எரியவில்லை என்று.

உங்கள் கடிதக் கட்டு வரும் நாளில் இங்கே ஏழாம் வகுப்பு சந்தைக்கடைதான். அட்லஸின் தோழி ஒரு கண்ணாடிக்காரப் பெண். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். இன்னொருவன் வீட்டில் மூன்று கால் நாய் இருக்கிறது. அதைப் பற்றி மட்டுமே எழுதுவான். அவனுக்கு உங்கள் பக்கம் யார் தோழனோ, பாவம்.

ஒரு முக்கியமான விஷயம். விசா நேர்முகத்தில் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள். உளறினால் தீர்ந்தது. நான் வந்தபோது சொன்ன பதிலைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி, அவர்கள் மொழியிலேயே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "உங்கள் நாட்டைப் பார்க்கவும், இரு நாட்டுப் பிள்ளைகளின் நட்பை வளர்க்கவும் ஆசைப்படுகிறேன். கற்றுக்கொள்வதை என் ஊருக்குப் பயன்படுத்துவேன். நிச்சயமாகத் திரும்பி வருவேன்." எனக்கு இது பலித்தது. அவர்களுக்கும் பலிக்கும்.

அப்பா விஷயம் நேரில் பேசுவோம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாமல் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற நிலைமை அப்போது. இப்போதும் அதே நிலைமைதான். நான் வர முடியாது, நீ வருகிறாய். அதை நினைத்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. சாயங்காலம் மணி அடித்த பிறகு ஆறு பேரையும் ஆய்வகத்தில் உட்கார வைத்து ஒப்பிக்க வைக்கிறேன். வாய்ப்பாடு சொல்வது போல முதலில் சேர்ந்து, பிறகு தனித்தனியாக. நான் மேஜையைத் தட்டுவேன், ஒருத்தர் எழுந்து சொல்ல வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அட்லஸ் ஒரே நாளில் கரைத்துக் குடித்துவிட்டாள். "டீச்சர், எல்லாரும் ஒண்ணையே சொன்னா நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். "சரியான பதில் ஒண்ணுதான்டி இருக்கும்" என்றேன்.

ஒருவன் மட்டும் என் உயிரை எடுக்கிறான். பெயரே மறதி. அவன் அப்பா வைத்த பெயர் வேறு, வகுப்பு வைத்த பெயர் இது. தலைகீழாக நின்றாலும் இரண்டாம் வரிக்கு மேல் வருவதில்லை. உன் மூன்று கால் நாய்க்காரனுக்குத் தோழன் இவன்தான். கேலி செய்தாயே, இப்போது என்னைப் பார்த்துப் பரிதாபப்படு. அவனுக்குப் பதிலாக வேறு பிள்ளையைச் சேர்க்கலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். பட்டியல் மேலே போய்விட்டது, முடியாது என்றார்.

உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும்? பெரிதாக எதையும் கேட்காதே.

அக்கா

&nbsp;

மார்ச் 15

அக்கா,

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அப்பாவின் நீலப் பிடி போட்ட ஸ்குரூடிரைவர் இருந்தால் கொண்டுவா. மின்சார வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவாரே, அது. இங்கே பெட்டி பெட்டியாகக் கருவி இருக்கிறது, ஆனால் எதிலும் அந்தக் கைப்பிடி இல்லை.

இசை அறையைக் காலி செய்து ஏழு கட்டில் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் வீடுகளில் தங்குவதற்கு முன் முதல் இரண்டு நாள் பள்ளியில்தான் எல்லோரும். உன் கட்டில் ஜன்னல் பக்கம். கால் ஆடியது, அட்டை வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரச் சுவரில் உங்கள் ஆறு பேர் பெயரையும் நம் எழுத்தில் வரைந்தார்கள். எழுதிக்காட்டியது யார் என்று நினைக்கிறாய்? ஏணியில் நின்று சுண்ணக்கட்டியால் நான் கோடு போட, அவர்கள் வண்ணம் அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் ஒரு ஆசிரியர் என்னிடம் விளக்கைத் தவிர வேறு எதையாவது கேட்டது இதுதான் முதல் தடவை.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 9

தம்பிக்கு,

இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், நீயே படித்துக்கொள். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் நின்று பேசியது ஒலிபெருக்கியில் பெஞ்சு வரை கேட்டது. முதல் பிள்ளை ஒரு எழுத்துக்கூட விடாமல் சொன்னான். இரண்டாவதும் அப்படியே. எனக்கு மார்பு விம்மியது. பெஞ்சில் உட்கார்ந்து அவர்களோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். அட்லஸ் சொன்னபோது எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரித்தாள். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். அசந்துபோய்ப் பார்க்கிறாள் என்று நினைத்தேனடா நான்.

கடைசியில் மறதி. முதல் வரியிலேயே நின்றுவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னான், அந்த அதிகாரி சத்தமாகச் சிரித்தாள். வெளியே வந்ததும் காதைத் திருகி, "என்னடா சொன்ன?" என்றேன். "அங்க என் ஃப்ரெண்டு வீட்டுல ஒரு நாய் இருக்கு டீச்சர். அதுக்கு மூணு காலுதான். அது எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னு சொன்னேன்." மானம் போச்சு என்று அந்த இடத்திலேயே திட்டினேன். எல்லோர் முன்னாலும்.

விசா கிடைத்தது அவனுக்கு மட்டும்தான்.

மற்றவர்களுக்கு எழுதியிருந்த காரணம், பதில்கள் சொல்லிக்கொடுக்கப்பட்டவை, பயண நோக்கம் நம்பும்படி இல்லை. என்னிடம் கேட்டது வேறு. அங்கே சொந்தக்காரர் யாராவது உண்டா என்றாள். தம்பி என்றேன். எதற்குப் போனார்? பயிற்சிக்கு. எப்போது திரும்பினார்?

நான் என்ன சொல்ல முடியும், சொல்லு. நீ அவர்களிடம் நிச்சயமாகத் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதே வரியை என் பிள்ளைகள் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறாய்.

கல்வி அதிகாரி போனில் சொன்னார்: "அப்பவே சொன்னேனேம்மா. நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" மேல்முறையீட்டுக்கு நேரமில்லையாம். திட்டத்தையே அடுத்த வருஷம் நிறுத்திவிடுவார்களாம். துணைக்கு ஆள் இல்லாமல் மறதியும் போக முடியாது.

அட்லஸின் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதாமல் இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டுவாய்.

நான் அந்த வரிகளை ஒரு உதாரணத்துக்குத்தான் அனுப்பினேன். ஆறு பேரையும் கிளிப்பிள்ளையாக்கச் சொன்னது யார்? மேஜையைத் தட்டியது நானா? அட்லஸ் கேட்டாளே, எல்லோரும் ஒன்றையே சொன்னால் நன்றாக இருக்குமா என்று. பத்து நாட்டுத் தலைநகரம் தெரிந்த டீச்சருக்கு அது தோன்றவில்லையா? சின்ன வயதில் என்னையும் இப்படித்தான் ஒப்பிக்க வைப்பாய். தப்பினால் முதலிலிருந்து.

இவ்வளவு எழுதியபின் ஆத்திரம் அடங்கிவிட்டது. கிழித்துப்போடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

நான் சொன்னபோது அது பொய். விமானம் ஏறும்போதே தெரியும், திரும்பி வரப்போவதில்லை என்று. பொய் சொன்ன எனக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். உன் பிள்ளைகள் மெய்யாகவே திரும்பி வந்திருப்பார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கே தலைமையாசிரியையிடம் சொல்லலாம் என்று கதவு வரை போனேன். "எந்த விளக்கு?" என்றார்.

கட்டில்களை எடுத்துவிட்டேன். அட்லஸின் அம்மா என்ன சொன்னாள்?

தம்பி

&nbsp;

ஜூன் 6

தம்பிக்கு,

அட்லஸின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "சரி டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளி திறந்த அன்று அட்லஸ் வரவில்லை. மறுநாளும் இல்லை. சலவைக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நீராவியில் ஆள் முகம் தெரியவில்லை. பெரிய இயந்திரத்திலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இழுத்து, அம்மா ஒரு முனை, இவள் ஒரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். கணுக்கால் வரை ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் விரிப்பைக் கீழே போடாமல் நின்றாள். உதவித்தொகை வாங்கித் தருகிறேன், மாலை வகுப்பு எடுக்கிறேன், என் வீட்டிலேயே இருந்துகொள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அம்மா குறுக்கே, "நடக்கும்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். சத்தம்கூட உயர்த்தவில்லை.

கிளம்பும்போது அட்லஸ் உள்ளே போய் என் அட்லஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். "இங்க ஈரம் பட்டுடும் டீச்சர்" என்றாள்.

மறதியிடம் யாரும் பேசுவதில்லை. மற்ற நாலு பேரும் அவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்கிறார்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறான், ஒருநாள் கேட்டேன், எதற்குடா என்று. யாராவது துணைக்குக் கிடைத்தால் உடனே கிளம்பலாமே என்றான்.

நீ எழுதியதில் தப்பில்லை. மேஜையைத் தட்டியது நான்தான். ஆனால் அதை நீ எழுதியிருக்க வேண்டாம்.

அக்கா

&nbsp;

ஜூலை 1

அக்கா,

எழுதியிருக்க வேண்டாம்தான். மன்னித்துக்கொள் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

இங்கே ஒரு செய்தி. எங்கள் பிள்ளைகள் ஆகஸ்டில் அங்கே வருகிறார்கள். ஒப்பந்தப்படி இரண்டு பக்கமும் போய் வர வேண்டும், நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். விசா பற்றி ஆசிரியர்கள் கூட்டத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் முத்திரை குத்துவார்கள், வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்றாராம் தலைமையாசிரியை. நான் அப்போது அந்த அறையில் ஏணிமேல் நின்றிருந்தேன்.

நாய்க்காரன் வரவில்லை. நாயை யாரிடம் விடுவது என்று அழுகிறான். கண்ணாடிக்காரி வருகிறாள். என்னிடம் வந்து அட்லஸுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். வரைபடம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்கா, நீ அவளை எப்படியாவது அன்றைக்குப் பள்ளிக்கு வரச்சொல். ஒரு நாள் லீவு போடச்சொல். சுவரில் எழுதிய பெயர்களின்மேல் வெள்ளையடிக்கச் சொன்னார்கள். அடித்துவிட்டேன். அவள் பெயர் மட்டும் இரண்டு பூச்சுக்குப் பிறகும் தெரிகிறது, சிவப்பு வண்ணம் அப்படி.

தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

உங்கள் பிள்ளைகள் வந்து போனார்கள். நல்ல பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். கல்வி அதிகாரி மாலையோடு வந்து, உலகமே ஒரு வகுப்பறை என்று பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

அட்லஸ் வரவில்லை. ஆளனுப்பினேன், விடுப்பு இல்லை என்று பதில். கண்ணாடிக்காரி விடவில்லை. கடிதக் கட்டையெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று நின்றாள். கடைசி நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாது.

சலவைக்கூடத்து வாசலுக்கு அட்லஸ் வந்தாள். கை இரண்டும் நீரில் ஊறி வெளுத்திருந்தன. உங்கள் கண்ணாடிக்காரி ஓடிப்போய் ஒரு சுருட்டிய வரைபடத்தைக் கொடுத்து, மூச்சுவிடாமல் என்னென்னவோ பேசினாள். ஏன் நீ வரவில்லை, நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா என்று கேட்டாள். அட்லஸுக்கு அந்த மொழி நன்றாக வரும். உனக்கே தெரியும், அவள் கடிதங்களைப் படித்திருக்கிறாய். தன் வாயால் சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். உங்கள் நாட்டைப் பார்க்கவும், இரு நாட்டுப் பிள்ளைகளின் நட்பை வளர்க்கவும் ஆசைப்படுகிறேன். கற்றுக்கொள்வதை என் ஊருக்குப் பயன்படுத்துவேன். நிச்சயமாகத் திரும்பி வருவேன். ஒரு எழுத்து பிசகவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தாள்.

கண்ணாடிக்காரி கைதட்டினாள். அழகாகச் சொன்னாள் என்று என்னிடம் திரும்பிச் சொன்னாள். அதற்குள் அட்லஸ் உள்ளே போய்விட்டாள். வரைபடம் வாசல் படியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி நான் ஒப்பிக்க வைப்பதில்லை. அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்காதே. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மேஜையைத் தட்டக் கை போகும், பாதியில் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் பதில் வருமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவின் ஸ்குரூடிரைவரை உங்கள் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். அது மட்டுமாவது வந்து சேரட்டும். அதற்கு விசா கேட்கமாட்டார்கள்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

ஸ்குரூடிரைவர் வந்து சேர்ந்தது. பிடியில் அப்பாவின் பல் பட்ட தடம் இருக்கிறது. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது வாயில் கவ்விக்கொள்வாரே. நானும் கவ்விப் பார்த்தேன். அவர் போன செய்தி வந்த அன்று நான் அழவில்லை, வேலைக்குப் போனேன். இப்போது கொதிகலன் அறையில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன். உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நேற்று இங்கே பயணக் கூட்டம். பெற்றோர்கள், நகரசபை ஆட்கள், அரங்கம் நிறைந்துவிட்டது. நாற்காலி போட்டது நான். அங்கே எடுத்த படங்களைத் திரையில் காட்டினார்கள். உன் தலை ஒரு படத்தில் ஓரமாகத் தெரிந்தது. நரைத்துவிட்டாய் அக்கா. எனக்கு யாரும் சொல்லவில்லையே.

கடைசியில் கண்ணாடிக்காரியைப் பேசக் கூப்பிட்டார்கள். என் தோழி எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன் என்று தொடங்கினாள். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். நான் எழுதிய மூன்று வரி. உன் ஆய்வகத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தாயோ, அதே நிறுத்தம், அதே சிரிப்பு. நிச்சயமாகத் திரும்பி வருவேன் என்று அவள் முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த நகரசபைக்காரர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, இதுக்குத்தான் இந்தப் பயணமெல்லாம்" என்றார்.

ஆமாம் என்றேன். எல்லோரும் போகும்வரை காத்திருந்து நாற்காலிகளை மடித்து அடுக்கினேன். ஒன்றில் திருகு கழன்றிருந்தது. அப்பாவின் ஸ்குரூடிரைவரால் முடுக்கினேன்.

தம்பி